பழைய மாண்டலினா, ஆர்டர் கொடுத்துச் செய்வதா? வேலூர்ப் பக்கத்தில் வாங்குவோருக்கு

மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசிக்கப் போகிறவருக்கும், சர்ச் கொயரிலோ மெல்லிசைக் குழுவிலோ வாசிக்கப் போகிறவருக்கும் ஒரே கருவி ஒத்துவராது. பழையதை வாங்குவதா, ஒருவரிடம் சொல்லிச் செய்துகொள்வதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடும். மீதியை வேலூர் வெயிலும், ரிப்பேர் தெரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதும் தீர்மானிக்கும்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கமகத்தோடு வாசிப்பதுதான் நோக்கம் என்றால் ஜோடி ஜோடியாக இல்லாமல் தனித்தனியாகத் தந்தி கட்டிய (ஒற்றைத் தந்தி) எலெக்ட்ரிக் மாண்டலினை ஆர்டர் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். பழசைத் தேடி அலைய வேண்டாம். எட்டுத் தந்தியின் (ஜி, டி, ஏ, இ என்ற நான்கு ஜோடிகள்) கணீர் ஓசைதான் வேண்டும் என்றால், கழுத்தும் மேல்பலகையும் பழுதில்லாத பழைய கருவி கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் கையில் எடுத்து அரை மணி நேரமாவது சோதித்துப் பார்க்க வேண்டும். போட்டோவையும் செல்போனில் பதிவு செய்த ஓசையையும் நம்பிப் பழைய கருவிக்குப் பணம் அனுப்பாதீர்கள். அப்படி வாங்குவதை விட, நல்ல கைவினைஞரிடம் அளவு கொடுத்துக் காத்திருப்பதே மேல்.

பழசு எல்லாம் வின்டேஜ் இல்லை

உலகச் சந்தையில் வின்டேஜ், அதாவது மதிப்பேறிய பழங்கால மாண்டலின் என்றால் பெரும்பாலும் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் கிப்சன் கம்பெனி செய்தவைதான். ஆர்வில் கிப்சன் வயலினைப் போல மேல்பலகையைச் செதுக்கி வளைக்கும் முறையை மாண்டலினுக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரில் கம்பெனி 1902-ல் தொடங்கியது. வடிவமைப்பாளர் லாய்டு லோர் அங்கே இருந்தபோது 1922-ல் சுருளும் கொம்பும் வைத்த எஃப்-5 மாடல் வந்தது. 1924 முடிவில் அவர் விலகும்வரை கையெழுத்திட்ட லேபிளோடு வெளிவந்த கருவிகள்தான் இன்று மிக அதிக விலைக்குப் போகின்றன. லேபிளைப் போலியாக ஒட்டுவது சுலபம். அதனால் லேபிளை மட்டும் வைத்து எந்தக் கருவிக்கும் விலை பேசக்கூடாது. அதே காலத்து ஏ மாடல்கள், சுருள் இல்லாமல் முட்டை வடிவத் துளை போட்டவை, அந்த விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும். வாசிப்பவருக்கு அவைதான் நல்ல பேரம்.

வட ஆற்காடு பக்கத்தில் கைக்கு எட்டுவது வேறு ரகம். கல்கத்தாவில் செய்த தட்டை மாண்டலின்கள்தான் அதிகம். எப்போதாவது குடம் போன்ற வயிறுள்ள பழைய ஐரோப்பிய மாண்டலின் வரும். வெளிநாட்டில் வேலை பார்த்த உறவினர் கொண்டுவந்த ஜப்பானிய, ஜெர்மானிய, அமெரிக்கக் கருவி அபூர்வமாகச் சிக்கும்.

கல்கத்தா ரகத்தில் விலை குறைந்தவற்றின் மேல்பலகை ஒட்டுப்பலகை. நாற்பது வருடம் ஆனாலும் ஒட்டுப்பலகையின் ஓசை முதிராது. கழுத்துக்குள் டிரஸ் ராடு (கழுத்து வளையாமல் தாங்கும், திருகிச் சரிசெய்யும் உலோகக் கம்பி) இருக்காது. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் குறைந்த விலையில் வாங்கிக் கொடுக்கலாம். வின்டேஜ் என்று சொல்லி விலை ஏற்றினால் திரும்பி வந்துவிடுங்கள்.

குடவயிற்று மாண்டலின் மிக மெல்லிய வேலைப்பாடு. அதன் மேல்பலகை பிரிட்ஜுக்கு (மேல்பலகை மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) பின்னால் ஒரு கோடு போட்டு மடித்தது போல் இறங்கும். அது செய்தவர் வைத்த மடிப்பு, பழுதில்லை. அதில் 0.009 அங்குலத்தில் தொடங்கும் மிக லேசான தந்திதான் கட்ட வேண்டும். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 0.011, 0.015, 0.026, 0.040 செட்டைக் கட்டினால் எட்டுத் தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ இழுக்கும். அந்தக் கனத்துக்கு இந்தக் கருவி தாங்காது. பிரிட்ஜ் இருக்குமிடம் உள்வாங்கி, கழுத்து முன்னால் வளைந்துவிடும். வீட்டுப் பரணில் இருந்து இறங்கும் குடவயிற்று மாண்டலின்களில் நாம் அடிக்கடி பார்ப்பது இந்த ஒரே கோளாறுதான். இன்னொன்றும் கவனியுங்கள். இவற்றில் துளைக்கு அருகே பதித்த பழுப்புத் தகடு அசல் ஆமை ஓடாக இருக்கலாம். அழுங்காமை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். அதன் ஓடு பதித்த பொருளை வாங்குவதும் விற்பதும் சிக்கல். செல்லுலாய்டா, ஆமை ஓடா என்று தெளிவாகும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

பழைய கருவியைச் சோதிக்கும் வரிசை

எடுத்துப் போக வேண்டியவை: 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், சிறு கண்ணாடி, டார்ச், டியூனர், ஒரு பழைய விசிட்டிங் கார்டு, ஃபீலர் கேஜ். கடைசியாகச் சொன்னது டூவீலர் மெக்கானிக் டேப்பெட் சரிசெய்ய வைத்திருப்பாரே, அதேதான். எந்த ஹார்டுவேர் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். தந்தி அறுந்தோ துருப்பிடித்தோ இருந்தால் புதுத் தந்தி கட்டி, முழுச் சுருதிக்கு ஏற்றிய பிறகே சோதியுங்கள். தளர்ந்த தந்தியோடு எல்லாக் கழுத்தும் நேராகத்தான் தெரியும்.

முதலில் கழுத்து. ஜி தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் (ஃப்ரெட் என்பது விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), கழுத்து உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது ஃப்ரெட் அருகே, தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி 0.10 முதல் 0.25 மி.மீ. இருந்தால் நல்ல கழுத்து. அரை மி.மீ.-ஐத் தாண்டினால் வளைந்திருக்கிறது. டிரஸ் ராடு இருந்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கிப்சன் கருவிகளில் 1921, 1922 வாக்கில்தான் அது வந்தது. அதற்கு முந்தியவற்றில் கிடையாது. ராடு இல்லாத கழுத்து வளைந்திருந்தால் ஃப்ரெட்டை எல்லாம் பிடுங்கி, பலகையை இழைத்து, மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். அடுத்ததாகக் கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, உடம்புப் பக்கமிருந்து தலையைப் பாருங்கள். நட்டின் (தலையருகே தந்திகள் உட்காரும் வெட்டுக் கட்டை) கோடும் கடைசி ஃப்ரெட்டின் கோடும் இணையாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கழுத்து முறுக்கிக்கொண்டது. முறுக்கிய கழுத்துள்ள கருவியை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

அடுத்து ஆக்‌ஷன். அதாவது தந்தி ஃப்ரெட்டுக்கு மேல் நிற்கும் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை அளந்தால் ஜி-யில் சுமார் 1.6 மி.மீ., இ-யில் சுமார் 1.3 மி.மீ. இருப்பது வசதி. இந்த அளவை விட முக்கியமானது, பிரிட்ஜின் இரண்டு திருகுச் சக்கரங்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது. சக்கரத்தை அடிவரை இறக்கியும் தந்தி உயரமாகவே இருந்தால் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது. கழுத்து மூட்டைக் கழற்றிக் கோணம் மாற்றிப் பொருத்த வேண்டும். சக்கரத்தை உச்சிவரை ஏற்றினால்தான் ஆக்‌ஷன் சரியாக வருகிறது என்றால் மேல்பலகை அமுங்கியிருக்கிறது. இரண்டும் பெரிய வேலை. விற்பவர் "ஆக்‌ஷன் சூப்பரா இருக்கு சார்" என்று சொல்லும்போது இந்தச் சக்கரங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மேல்பலகை அமுங்கியதை உறுதி செய்ய, கருவியைத் தூக்கி வால் பக்கமிருந்து கிடைமட்டமாகப் பாருங்கள். செதுக்கிய பலகையின் வளைவு இரண்டு பக்கமும் ஒரே சீராக ஏறி இறங்க வேண்டும். முட்டைத் துளை கிப்சன்களில் துளைக்குக் கீழே குறுக்காக ஒரே ஒரு சட்டம்தான் தாங்கும். அது பசை விட்டால் பிரிட்ஜ் பகுதி குழியாகும். கண்ணாடியையும் டார்ச்சையும் துளைக்குள் விட்டு அந்தச் சட்டத்தின் இரு முனைகளையும் பாருங்கள். பிறகு விரல் நுனியால் மேல்பலகை முழுக்கத் தட்டுங்கள். எங்காவது 'ஜர்' என்று சலசலப்பு வந்தால் உள்ளே ஏதோ ஒட்டு விட்டிருக்கிறது. விசிட்டிங் கார்டைப் பலகையும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில் சுற்றிலும் நுழைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் அரை செ.மீ. நுழைந்தால் அது பசை விட்ட இடம். அதைத் திரும்ப ஒட்டுவது சின்ன வேலைதான், பயப்பட வேண்டியதில்லை.

விரிசலைக் கண்டதும் ஓடிவிட வேண்டாம். உள்ளே சிறு மரத்துண்டு வைத்து ஒட்டி மூடிய பழைய விரிசல் கருவியைக் கெடுக்காது, விலையைக் குறைக்க உதவும். கவலைப்பட வேண்டியது எதைக் கொண்டு ஒட்டியிருக்கிறார்கள் என்பதற்கு. பழைய மாண்டலின்கள் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையால் ஒட்டியவை. வச்சிரத்தை வெந்நீர் ஆவி காட்டிப் பிரித்து, மேலேயே மறுபடி வச்சிரம் தடவி ஒட்டலாம். யாராவது மேஜை நாற்காலி தச்சர் வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தால், தந்தி இழுக்க இழுக்க அந்த ஒட்டு மெல்ல நகரும். அதன் மேல் வச்சிரமும் பிடிக்காது, முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டு டியூப் கலந்து பூசும் எபாக்ஸி இன்னும் மோசம். கழுத்து மூட்டில் எபாக்ஸி வழிந்து காய்ந்திருந்தால் அதைச் சேதமில்லாமல் பிரிப்பது மிகக் கடினம்.

ஃப்ரெட்டின் உயரம் அரை மி.மீ.-க்குக் குறைந்துவிட்டால் அராவிச் சமன்செய்ய மிச்சம் இல்லை, புதிதாகத்தான் அடிக்க வேண்டும். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து அதை இரட்டியுங்கள். பொதுவான அளவு 176 மி.மீ., இரட்டித்தால் 352. பிரிட்ஜின் உச்சி அதை விட ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். வெகுதூரம் விலகினால்தான் சுருதி சேர்கிறது என்றால் யாரோ விரற்பலகையையே மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். சுருதி ஏற்றும் கீ திருகும்போது வழுக்கினால் புது செட் போடலாம். ஆனால் தண்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்காமல் ஆர்டர் போடாதீர்கள். இன்றைய செட்டின் அளவு சுமார் 23 மி.மீ., பழைய தலையின் ஓட்டைகள் அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

கேஸைத் திறந்ததும் கற்பூர வாடையோ புளித்த வாடையோ அடித்தால் செல்லுலாய்டு சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்தில் உள்ள தந்தி, ஃப்ரெட், டெயில்பீஸ் (தந்தியின் அடிமுனையை மாட்டும் தகடு) எல்லாவற்றையும் அரிக்கும். சிதையும் தகட்டைக் கழற்றி, நெருப்புப் படாத இடத்தில் தனியாக வையுங்கள். சிறு ஊசித் துளைகள் தெரிந்தால் மரப்புழு. உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு கறுப்புக் காகிதத்தின் மேல் கருவியை ஒரு வாரம் வைத்து, மாவு போன்ற தூள் உதிர்கிறதா என்று பார்க்கலாம். விற்பவர் அந்த ஒரு வாரம் தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் மற்ற மரச் சாமான்களுக்கும் அது பரவும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஓசை. உங்கள் பிளெக்ட்ரத்தாலேயே (மீட்டும் சில்லு) வாசியுங்கள். ஒவ்வொரு தந்தி ஜோடியிலும் எல்லா ஃப்ரெட்டையும் ஒருமுறை தொட்டு, எங்காவது நாதம் செத்து விழுகிறதா என்று கேளுங்கள். பிறகு ஒரு நீண்ட ட்ரெமலோ, அதாவது ஒரே சுரத்தை விடாமல் வேகமாக மீட்டுவது. நல்ல பழைய ஸ்ப்ரூஸ் (ஒரு ஊசியிலை மரம்) பலகை மெதுவாகத் தொட்டாலும் உடனே பேசும். புதுக் கருவியில் அழுத்தி அடித்தால்தான் வரும் கனம் இதில் இலேசான கைக்கே வரும். பழைய கருவிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இதற்காகத்தான். இது இல்லை என்றால் வயதுக்கு மட்டும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பாலிஷ் போட்டுப் புதிதாக்கிய வின்டேஜ் கருவிக்குச் சேகரிப்போரிடம் மதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். வாசிக்க வாங்குகிறவருக்கு அது லாபம். விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

ரிப்பேர் தூரத்தையும் விலையில் சேருங்கள்

ஃப்ரெட் மாற்றுவது, கழுத்து மூட்டு பிரிப்பது போன்ற வேலைக்கு இங்கிருந்து பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருவுக்கோதான் போக வேண்டியிருக்கும். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை சுமார் 130 கி.மீ. பெங்களூரு அதை விடத் தூரம். ஒரு வேலைக்குக் குறைந்தது இரண்டு தடவை, கொடுக்க ஒருமுறை, வாங்க ஒருமுறை. கருவியைப் பார்சலில் அனுப்புவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அனுப்பியே ஆக வேண்டும் என்றால் தந்தியைத் தளர்த்தி, தலைக்கு அடியில் தாங்கல் வைத்து, கெட்டியான கேஸில் அனுப்புங்கள். தலை ஒடிவதற்குக் காரணம் பெரும்பாலும் கேஸுக்குள் தலை ஆடுவதுதான்.

பழைய கருவிக்கு ஒதுக்கிய தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குள் விலை பேசுங்கள். வாங்கிய முதல் வருடத்திலேயே அந்தப் பங்கு செலவாகும் என்று எதிர்பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் கருவியின் விலை மேல் மட்டுமின்றி அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் மேலும் விழும். பிரேசில் ரோஸ்வுட் பயன்படுத்திய பழைய கருவிக்கு சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. மற்ற ரோஸ்வுட்களில் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது.

கமகத்துக்கு ஏன் சொல்லிச் செய்ய வேண்டும்

ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969-ல் பிறந்து 2014-ல் மறைந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார். ஜோடித் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்திகளுக்கும், பிறகு ஐந்து தந்திக்கும் அவர் மாறியதற்குக் காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம் கொடுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது. ஒன்று சற்றுப் பின்தங்கி, சுரம் அலை அடித்துக் கலங்கும். அதோடு சாதா மாண்டலினின் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். தோடி ராகத்தின் காந்தாரச் சுரத்தை அசைத்து முடிப்பதற்குள் ஒலி போய்விடும். கெட்டி மர உடம்பும், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் இருந்தால் நாதம் நீளும், ஒரே மீட்டலில் பல அசைவுகளைக் கொடுக்கலாம். எந்தக் காலத்து வின்டேஜ் மாண்டலினும் இதற்காகச் செய்யப்படவில்லை. அதை வாங்கிக் குடைந்து மாற்றுவது நல்ல கருவியை நாசமாக்கும் வேலை.

ஆர்டர் கொடுக்கும்போது வாய்ப்பேச்சில் விடாமல் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். ஐந்தாவது தந்தி கனமானது. 352 மி.மீ. நீளத்தில் அது தொளதொளவென்று இருக்கும், அழுத்தினாலே சுருதி ஏறும். ஆகவே நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 370 முதல் 380 மி.மீ. கேளுங்கள். இருபத்துநான்கு ஃப்ரெட் வேண்டும் என்பவர்களுக்கு இந்த நீளம் இன்னொரு விதத்திலும் உதவும்: 352-ல் கடைசி இரண்டு ஃப்ரெட்டுக்கு இடையே சுமார் 5.2 மி.மீ.-தான், விரல் நுனி உட்கார இடம் போதாது. ஃப்ரெட் உயரம் 1.2 மி.மீ.-க்குக் குறையாமல் இருக்கட்டும். தாழ்ந்த ஃப்ரெட்டில் இழுக்கும்போது விரல் பலகையை உரசி நின்றுவிடும். தந்திகளுக்கு இடையே இழுக்க இடம் வேண்டும் என்பதால் நட்டின் அகலத்தையும் உங்கள் விரலை வைத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள். ஒரு அட்டையில் கோடு கிழித்து இடது கையை வைத்துப் பார்த்தாலே போதும்.

பிக்கப் ஒற்றைச் சுருளாக இருந்தால் திருவிழா மேடையில் சீரியல் செட், டியூப் லைட், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து 'ம்ம்ம்' என்று இரையும். இரட்டைச் சுருள் ஹம்பக்கர் கேளுங்கள். உள் அறைகளுக்குத் தாமிரத் தகடு ஒட்டி எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்கு நிக்கல் சுற்றிய தந்திதான் வேண்டும். ஃபாஸ்பர் பிரான்ஸ் தந்தி கட்டினால் காந்தப் பிக்கப்பில் மேல் சுரத் தந்திகள் கத்தும், கீழ்ச் சுரத் தந்திகள் முனகும். உடம்பு சிறியது என்பதால் தலை கீழே சாயும் ஆபத்தும் உண்டு. தரையில் சம்மணமிட்டு வாசிக்கும் நிலையில் மடியில் வைத்துப் பார்த்து, கையை எடுத்தாலும் தலை தாழாமல் இருக்கிறதா என்று பாலிஷ் போடுமுன் பார்க்க வேண்டும். பிறகு திருத்த முடியாது.

எட்டுத் தந்திக் கருவியிலேயே கொஞ்சம் கர்நாடகமும் வாசிக்க நினைப்பவர்கள் ஏ-யையும் இ-யையும் ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கி ஜி, டி, ஜி, டி என்று வைத்தால் ச, ப, ச, ப ஆகிவிடும், ஐந்து கட்டைச் சுருதி. இறக்கிய தந்தியில் இறுக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதால் அவற்றை ஒரு படி தடிப்பாக, 0.012, 0.016 என்று மாற்றுங்கள். நட்டின் வெட்டுக்குள் புதுத் தந்தி தாராளமாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகு கட்டவும்.

எட்டுத் தந்தியைச் சொல்லிச் செய்வதானால்

இங்கே தேர்வுகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் ஓசையை மாற்றும். மேல்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகையும் பக்கமும் மேப்பிள் என்பது நிலைத்த முறை. வெட்டி வெட்டி வாசிக்கும் தாள அடிக்கு எஃப் வடிவத் துளை நல்லது. நம் மெலடிகளுக்கு, கீர்த்தனைகளுக்கு, நீண்டு ஒலிக்கும் முட்டைத் துளையைத்தான் நாங்கள் சொல்வோம். எஃப் மாடலின் சுருளும் கொம்பும் அழகுக்கு. அதற்கு ஆகும் கூலி ஓசையில் திரும்பி வராது. கையில் பணம் அளவாக இருந்தால் ஏ வடிவ உடம்பு கேட்டு, மிச்சத்தை நல்ல பலகைக்கும் நல்ல கீ செட்டுக்கும் கொடுங்கள். நட் அகலம் வழக்கமாக 28.5 மி.மீ.; விரல் தடித்தவர்கள் 30 கேட்கலாம். விரற்பலகைக்குக் கருங்காலி அல்லது ஈட்டி. மேல்பலகையின் தடிமன் நடுவில் சுமார் 4.5 மி.மீ., விளிம்பருகே சுமார் 3 மி.மீ. என்று கைவினைஞரே சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்கு அளவு சொல்லத் தெரியாமல் மழுப்புகிறவரிடம் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

மரம் வாங்கியதற்கான பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஜவ்வாது மலை ஓரத்தில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறோம்: செம்மரமோ சந்தனமோ போட்டுத் தருகிறேன் என்று யாராவது ஆசை காட்டினால், வனத்துறை ஏலத்தில் எடுத்த சீட்டு இல்லாமல் தொடாதீர்கள். ஓசைக்கும் அவை அவசியமில்லை.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். முன்பணம் ஒரு பங்கு. பலகை செதுக்கி உடம்பை மூடுமுன் உள்வேலையைப் போட்டோவில் பார்த்த பிறகு இரண்டாவது பங்கு. வாசித்துப் பார்த்து, மேலே சொன்ன கழுத்துச் சோதனையும் ஆக்‌ஷன் அளவும் சரியாக இருந்தால் மூன்றாவது. மரம் பட்டறையில் எத்தனை வருடம் காய்ந்தது, ஈரமானியில் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று கேளுங்கள். 8 முதல் 10 சதவீதம் நல்லது. அதற்கு மேல் ஈரமுள்ள மரத்தில் செய்தால் வேலூர் மே மாதத்தில் பலகை சுருங்கி ஒட்டு விடும்.

வீட்டுக்கு வந்த முதல் வருடம்

கடலோரச் சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்த கருவி இங்கு வந்ததும் மரம் தன்னை மாற்றிக்கொள்ளும். வந்த அன்றே ஆக்‌ஷனைத் திருத்தாமல் இரண்டு, மூன்று வாரம் சுருதியில் வைத்திருந்து, பிறகு அளந்து திருத்துங்கள். பழையதற்கும் புதியதற்கும் இது பொருந்தும்.

அக்னி நட்சத்திரத்தில் காற்று வறண்டு மேல்பலகை தாழும், தந்தி ஃப்ரெட்டில் இடித்து இரையும், விரற்பலகை சுருங்கி ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை உப்பி ஆக்‌ஷன் ஏறும். ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கிக் கேஸுக்குள் போடுங்கள். 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. கோடையில் ஓட்டை போட்ட சோப்பு டப்பாவுக்குள் பிழிந்த ஸ்பாஞ்ச், மழையில் சிலிகா ஜெல் பொட்டலம். ஸ்பாஞ்சில் நீர் சொட்டக் கூடாது. ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் சுவரில் மாட்டி வைப்பதுதான் மிகக் கெடுதல், ஏசியும் காற்றை உலர்த்தும். மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம் கூட வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் வச்சிரம் இளகிக் கழுத்து மூட்டு நகரும்.

கருவியைத் தோளில் மாட்டும் பட்டைக்கு ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலே போதும். பழைய லாக்கர் பூச்சுள்ள கருவியில் ரெக்ஸின், ரப்பர் பட்டைகளைச் சேர்த்து வைத்தால் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும்.

டிரஸ் ராடைத் திருப்ப வேண்டி வந்தால் தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி, மறுபடி சுருதி ஏற்றி, ஒரு நாள் விட்டு ஏழாவது ஃப்ரெட்டில் ஃபீலர் கேஜை வைத்து அளந்து பாருங்கள். திருகு இறுகி நின்றுவிட்டால் பலம் கொடுக்காமல் விட்டுவிட்டு, அடுத்த முறை ரயில் ஏறும்போது தெரிந்தவரிடம் காட்டுங்கள்.